நாற்பத்து நான்கு சிறுவர்கள்

நான்கு வயதில் அக்காவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடும் பையன் வளர்ந்தபின் யாரை விரும்புவான்? சடை பின்ன மறுத்து, மரமேறவும் கோலி ஆடவும் ஓடும் ஆறு வயதுப் பெண் வளர்ந்தபின் யாரைக் காதலிப்பாள்? நம் வீடுகளில் இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "ஆம்பளப் பிள்ளை மாதிரியா நடந்துக்கிற?" என்ற அதட்டலுக்குள்ளும், உறவினர் வந்திருக்கும்போது பையனின் கையிலிருந்து அவசரமாகப் பிடுங்கப்படும் பொம்மையிலும் அது ஒளிந்திருக்கும். அறிவியல் இதை வெளிப்படையாகவே கேட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் தேடியபின் அது கண்டறிந்தவற்றில் ஒரு பாதி பெற்றோரின் அச்சம் முழுக்கப் பொய்யல்ல என்கிறது. அந்த அச்சத்தின் பேரில் அவர்கள் செய்கிற எதற்கும் நியாயமில்லை என்கிறது மறுபாதி. இரண்டையும் சேர்த்துப் படிக்காததால் விளைந்த துன்பம் கொஞ்சமல்ல.

1960களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கிரீன் என்ற இளம் மனநல மருத்துவர் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். பெண்களின் உடையை விரும்பி அணிவது, பொம்மைகளோடும் பெண் பிள்ளைகளோடும் மட்டுமே விளையாடுவது, முரட்டுத்தனமான ஆட்டங்களிலிருந்து ஒதுங்குவது என்று நடந்துகொண்ட 66 சிறுவர்களைச் சேர்த்தார். வயதிலும் குடும்பப் பின்னணியிலும் அவர்களை ஒத்த, ஆனால் வழக்கமான 'பையன்' நடத்தை கொண்ட 56 சிறுவர்களை ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்டார். பெற்றோரையும் பிள்ளைகளையும் பல ஆண்டுகள் விட்டு விட்டுச் சந்தித்தார். சுமார் 15 ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் குழுவில் 44 பேரை அவரால் மீண்டும் நேரில் சந்தித்துப் பேச முடிந்தது. பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் இருந்த அந்த இளைஞர்களில் 33 பேர் தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ கொண்டவர்களாக வளர்ந்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் ஏறக்குறைய எல்லோரும் எதிர்பாலீர்ப்பு உடையவர்கள். முடிவுகளை 1987இல் நூலாக வெளியிட்டார். அந்த நூலின் தலைப்பிலேயே அமெரிக்கப் பள்ளி மைதானங்களில் இத்தகைய சிறுவர்கள் மேல் வீசப்பட்ட வசவுச்சொல் இருந்தது. ஒரு நல்ல ஆய்வுக்கு அப்படியொரு பெயரை வைத்தது பெரும் பிழை என்பது என் கருத்து.

44இல் 33 என்றால் 75 சதவீதம். மனித நடத்தையைப் பற்றிய ஆய்வுகளில் இவ்வளவு வலுவான தொடர்பு அபூர்வமாகவே கிடைக்கும். சிறுவயதுப் பழக்கம் ஒன்றை வைத்து ஒருவர் பின்னாளில் என்ன வேலை செய்வார், எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பார் என்று கணிக்கப் போனால் இவ்வளவு துல்லியம் கிட்டாது. அதனாலேயே இந்த எண் பாடநூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் போய், அங்கிருந்து பெற்றோரின் மனத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. எண்ணில் தவறில்லை. அதை எந்தப் பிள்ளைக்கும் பொருத்தலாம் என்று நினைப்பதில்தான் தவறு.

அந்த 66 பேர் யார் என்று பாருங்கள். அன்றைய அமெரிக்காவில், மகனின் நடத்தையைக் கண்டு பதறி ஒரு பல்கலைக்கழக மனநல மையம் வரை வந்த பெற்றோரின் பிள்ளைகள். எப்போதாவது பொம்மையைத் தொட்ட பையனை யாரும் அங்கே அழைத்து வரவில்லை. ஆண்டுக்கணக்கில், விடாமல், அதட்டியும் மாறாமல் அப்படி நடந்துகொண்ட பிள்ளைகளே அந்த வாசல் வரை வந்தார்கள். மொத்தப் பரப்பின் ஒரு விளிம்பை மட்டும் வெட்டியெடுத்து அளந்தது அந்த ஆய்வு. அது சொல்வது அந்த விளிம்புக்கு மட்டுமே பொருந்தும்.

இதற்கு நேர்மாறான திசையிலிருந்தும் ஆய்வுகள் வந்தன. வளர்ந்தவர்களிடம் அவர்களின் ஈர்ப்பைக் கேட்டறிந்து, பிறகு சிறுவயதை நினைவுகூரச் சொல்வது இந்த வகை. ஆலன் பெல், மார்ட்டின் வைன்பெர்க், சூ ஹேமர்ஸ்மித் மூவரும் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் நூற்றுக்கணக்கானோரை நேர்கண்டு 1981இல் வெளியிட்ட நூல் இவற்றில் முக்கியமானது. தாயின் அதீதப் பாசம், தந்தையின் விலகல் என்று உளப்பகுப்பாய்வு மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த காரணங்களை அவர்கள் தரவுகளோடு உரைத்துப் பார்த்தார்கள். அவற்றில் அநேகமாக எதுவும் நிற்கவில்லை. கடைசிவரை நின்றது ஒன்றுதான்: சிறுவயதில் தன் பாலினத்துக்கு வழக்கமான விளையாட்டுகளிலும் ஆர்வங்களிலும் ஒட்டாமல் இருந்தது. 1995இல் மைக்கேல் பெய்லியும் கென்னத் ஜக்கரும் இப்படிப்பட்ட 41 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டபோது, இரு குழுக்களின் சராசரிகளுக்கிடையே மிகப் பெரிய இடைவெளி தெரிந்தது. ஆண்களைப் பொறுத்தவரை அதை இப்படிச் சொல்லலாம்: தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர், எதிர்பாலீர்ப்பு கொண்ட சராசரி ஆணைவிடத் தங்கள் சிறுவயது வழக்கத்துக்கு மாறாக இருந்தது என்று நினைவுகூர்ந்தார்கள். பெண்களிடமும் வேறுபாடு பெரிதுதான், ஆண்களிடம் உள்ள அளவுக்கு இல்லை.

ஆனால் நினைவை எவ்வளவு நம்பலாம்? தான் யார் என்று தெரிந்தபின் பழைய நாட்களைத் திரும்பிப் பார்க்கும் எவரும், அதற்குப் பொருந்தும் காட்சிகளைப் பொறுக்கிக்கொள்வது இயல்பு. சிறுவயதில் கிரிக்கெட் பிடிக்காமல் போன ஆயிரம் ஆண்களில் தன்பாலீர்ப்பு உடையவர் மட்டும் அதற்கு ஒரு பொருள் கற்பித்து நினைவில் வைத்திருக்கலாம். மற்றவர்கள் அதை மறந்தே போயிருப்பார்கள். இந்த எதிர்வாதம் நியாயமானது. இதற்குப் பதில் தேடி கெருல்ஃப் ரீகரும் பெய்லியும் சக ஆய்வாளர்களும் 2008இல் ஓர் அழகான வழியைக் கையாண்டார்கள். வளர்ந்தவர்களிடமிருந்து அவர்களின் சிறுவயது வீட்டு வீடியோக்களைக் கேட்டு வாங்கினார்கள். பிறந்தநாள் விழா, கொல்லைப்புற விளையாட்டு போன்ற சாதாரணக் காட்சிகள். அந்தப் பிள்ளை வளர்ந்து யாரானார் என்று தெரியாதவர்களிடம் அவற்றைப் போட்டுக்காட்டி, நடத்தையை மதிப்பிடச் சொன்னார்கள். பின்னாளில் தன்பாலீர்ப்பு கொண்டவர்களாக வளர்ந்த பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்வதாகச் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். மிக இளம் வயதிலேயே அந்த வேறுபாடு தென்பட்டது. அவர்கள் நினைவுகூர்ந்ததும் வீடியோவில் இருந்ததும் ஒத்துப்போயின. நினைவு பொய் சொல்லவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: யார் அதிகம் மாறுபட்டிருந்தார்களோ அவர்களே சிறுவயதில் அதிகம் புறக்கணிக்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

மருத்துவ மையத்துக்கு வந்த பிள்ளைகளும் வேண்டாம், நினைவும் வேண்டாம், சாதாரணக் குடும்பங்களின் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்தால் என்ன கிடைக்கும்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சுற்றிய பகுதியில் 1990களின் தொடக்கத்தில் கருவுற்றிருந்த தாய்மார்களைச் சேர்த்துத் தொடங்கிய ஒரு மாபெரும் ஆய்வு அந்த வாய்ப்பைத் தந்தது. குழந்தைகளுக்கு இரண்டரை, மூன்றரை, நான்கேமுக்கால் வயதானபோது என்னென்ன பொம்மைகளை எடுக்கிறார்கள், என்ன ஆட்டம் ஆடுகிறார்கள், யாரோடு சேர்கிறார்கள் என்று பெற்றோர் எழுதிக்கொடுத்திருந்தார்கள். 15 வயதில் பிள்ளைகளே தங்கள் ஈர்ப்பைப் பற்றிச் சொன்னார்கள். 2,428 பெண்கள், 2,169 ஆண்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மெலிசா ஹைன்ஸும் உடன் பணியாற்றியோரும் இரண்டையும் இணைத்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றரை வயதிலேயே தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. இரண்டரை வயதில் அது சற்று மங்கலாக இருந்தது. பள்ளிக்கூடம், சினிமா, கூடாத சகவாசம் என்று நாம் பழிபோடும் எதுவும் வந்து சேரும் முன்பே ஏதோ ஒன்று தொடங்கிவிடுகிறது.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு. தாமஸ் ஸ்டீன்ஸ்மாவும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்டது. பொது மக்களிடமிருந்து எடுக்கப்பட்ட 879 குழந்தைகளின் பெற்றோரிடம், 'எதிர்ப் பாலினத்தவரைப் போல நடந்துகொள்கிறதா', 'எதிர்ப் பாலினமாக இருக்க விரும்புகிறதா' என்ற இரண்டு கேள்விகள், வேறு பல கேள்விகளுக்கு நடுவே, கேட்கப்பட்டிருந்தன. 24 ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகள் வளர்ந்தவர்களாகப் பதில் சொன்னார்கள். சிறுவயதில் 'ஆம்' என்று குறிக்கப்பட்டவர்களில் 10 முதல் 12 சதவீதத்தினர் தன்பாலீர்ப்பு உடையவர்கள். அப்படிக் குறிக்கப்படாதவர்களில் அது 1 முதல் 2 சதவீதத்துக்குள். வாய்ப்பு 8 முதல் 15 மடங்கு வரை கூடுகிறது. தொடர்பு உண்மை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே எண்களை இன்னொரு முறை படியுங்கள். குறிக்கப்பட்ட பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் எதிர்பாலீர்ப்பு உள்ளவர்களாகவோ, குறைந்தபட்சம் தன்பாலீர்ப்பு இல்லாதவர்களாகவோ வளர்ந்தார்கள். கிரீனின் 75 சதவீதம் இங்கே பத்துச் சொச்சமாகிவிட்டது. விளிம்பை விட்டு நடுப்பகுதிக்கு வந்ததும் எண் சரிந்துவிடுகிறது.

ஆயிரம் பிள்ளைகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஆய்வின் விகிதப்படி ஆயிரத்தில் 58 பிள்ளைகள் 'மாறுபட்டவர்கள்' என்று குறிக்கப்படுவார்கள். அவர்களில் வளர்ந்தபின் தன்பாலீர்ப்பு உடையவர்கள் ஆறேழு பேர். குறிக்கப்படாத 942 பேரில் 11 முதல் 16 பேர் அப்படி வளர்வார்கள். அதாவது, பிள்ளையின் விளையாட்டைப் பார்த்து ஆருடம் சொல்லும் ஒருவர், தான் விரல் நீட்டிய 58 பேரில் 51 அல்லது 52 பேரைப் பற்றித் தவறாகச் சொல்லியிருப்பார். உண்மையில் தன்பாலீர்ப்பு உடையவர்களாக வளர்ந்தவர்களில் பெரும்பாலோரை அவர் கவனித்திருக்கவே மாட்டார். அவர்கள் மற்றப் பையன்களோடு பையன்களாகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டும், மற்றப் பெண்களோடு பெண்களாகச் சொப்பு வைத்துச் சமைத்துக்கொண்டும் இருந்திருப்பார்கள். இரண்டு கேள்விகள் மட்டுமே கொண்ட பட்டியல் மிகவும் பருவெட்டான சல்லடை என்பது உண்மைதான். ஆனால் அத்தையும் பக்கத்து வீட்டுக்காரரும் வைத்திருக்கும் சல்லடை இதைவிடப் பருவெட்டானது.

பெரியவர்களிடம் தொடங்கிப் பின்னோக்கிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும் தொடர்பு, குழந்தையிடம் தொடங்கி முன்னோக்கிப் பார்த்தால் ஏன் இப்படி நழுவுகிறது? மேடைக் கச்சேரி செய்கிறவர்களைக் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் சிறுவயதில் பாட்டு வகுப்புக்குப் போனவர்களாக இருப்பார்கள். பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகளை எண்ணினால் மேடையேறுகிறவர் வெகு சிலரே. முதல் கூற்று எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதிலிருந்து இரண்டாவதை ஊகிக்க முடியாது. மொத்தத்தில் சிறுபான்மையாக இருப்பவர்களைப் பற்றிய எந்தக் கணிப்புக்கும் இந்த இடர் உண்டு. அரிய நோய்க்கான பரிசோதனையில் 'இருக்கிறது' என்று முடிவு வந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் இருக்காது என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருவதும் இதே கணக்குத்தான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கணிப்பு இன்னும் பலவீனம். பையனைப் போல் திரியும் பெண்கள் எல்லா ஊரிலும் ஏராளம். பெரும்பாலான சமூகங்கள் பதின்பருவம் வரை அவர்களை ஓரளவு பொறுத்துக்கொள்கின்றன. சிலர் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள், 'எம் பொண்ணு ஆம்பளப் பிள்ளை மாதிரி' என்று. பையன் பாவாடை கட்டினால் அந்தப் பெருமை வராது. ஆணின் உலகத்துக்கு ஏறிவருவது உயர்வு, பெண்ணின் உலகத்துக்கு இறங்கிப்போவது இழிவு என்று எண்ணும் மனம்தான் இதற்குக் காரணம். சிறுவர்களின் மாறுபாட்டை ஆராய இவ்வளவு பணமும் காலமும் செலவிட்ட துறை, சிறுமிகளை நெடுங்காலம் கண்டுகொள்ளாமல் விட்டதற்கும் அந்த மனமே காரணம் என்று நினைக்கிறேன்.

இனி, ஏன் இந்தத் தொடர்பு? பிறப்புக்கு முன்பே கருவில் சுரக்கும் ஹார்மோன்களின் பக்கம் ஒரு வலுவான சான்று இருக்கிறது. அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதி பிறவியிலேயே குறைபடும் நிலையில், பெண் சிசு கருப்பையில் வழக்கத்தைவிட மிக அதிகமாக ஆண்ட்ரோஜன் எனும் ஆண்பால் ஹார்மோனுக்கு உட்படுகிறது. பிறந்தவுடன் சிகிச்சை தொடங்கிவிடுகிறது, அவர்கள் பெண்களாகவே வளர்க்கப்படுகிறார்கள். இருந்தும் அந்தச் சிறுமிகள் சராசரியாகத் தங்கள் சகோதரிகளைவிட வண்டிகளையும் கட்டுமானப் பொம்மைகளையும் அதிகம் நாடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கான பொம்மைகளோடு விளையாடும்படி பெற்றோர் அவர்களைக் கூடுதலாகவே ஊக்குவித்தும் அது மாறவில்லை என்று 2005இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. வளர்ந்தபின் அவர்களிடம் தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் மற்றப் பெண்களைவிடக் கூடுதல். ஆனால் அவர்களிலும் பெரும்பான்மையினர் ஆண்களையே விரும்புகிறார்கள். ஹார்மோன் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது என்று சொல்லலாம், தீர்மானிக்கிறது என்று சொல்ல முடியாது. மரபணுக்களுக்கும் பங்குண்டு. 2019இல் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரின் மரபணுத் தொகுதியை அலசிய ஆய்வு, பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிப்பதைக் கண்டது, தனியொரு மரபணு எதுவும் அகப்படவில்லை. ஒரே மரபணுக்களோடு ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டையரில் ஒருவர் தன்பாலீர்ப்பும் மற்றவர் எதிர்பாலீர்ப்பும் கொண்ட ஜோடிகள் உண்டு. அவர்களின் சிறுவயதுப் புகைப்படங்களை ரீகரின் குழு 2018இல் ஆராய்ந்தபோது, இருவருக்குமிடையே வேறுபாடு சிறுவயதுப் படங்களிலேயே தெரிந்தது. மரபணுவோ வளர்ப்போ மட்டும் காரணமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம் 1996இல் வேறொரு விளக்கம் சொன்னார். பிறவிக் குணத்தால் ஒரு பிள்ளை எந்தக் கூட்டத்தோடு சேர்கிறதோ அந்தக் கூட்டம் அதற்குப் பழகிப்போகும், சேராத கூட்டம் அந்நியமாகத் தோன்றும், அந்நியம் தரும் படபடப்பே பருவ வயதில் ஈர்ப்பாக மாறும் என்பது அவர் கோட்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்களின் அனுபவம் அதற்குப் பொருந்தவில்லை என்று லெட்டிஷியா பெப்லாவும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். பால் பிரிவினை கடுமையாக உள்ள சமூகங்களையும் அது இல்லாத சமூகங்களையும் அந்தக் கோட்பாட்டால் ஒருசேர விளக்க முடியுமா என்பதும் ஐயமே. நான் அதை ஏற்கவில்லை.

பழி பெற்றோர் மேல் விழாது என்பதற்கு இன்னொரு சான்று வேறு பண்பாடுகளிலிருந்து வருகிறது. ஆய்வாளர் ஃபிரடெரிக் விட்டம் அமெரிக்கா, குவாத்தமாலா, பிரேசில், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களின் சிறுவயதை ஒப்பிட்டார். பொம்மையும் பெண் உடையும் பெண் தோழமையும் எல்லா நாட்டிலும் வந்தன. 'விலகிய தந்தை' எல்லா நாட்டிலும் வரவில்லை. தந்தை விலகியதால் மகன் மாறினான் என்று மருத்துவர்கள் சொல்லிவந்தார்கள். மகன் மாறுபட்டிருந்ததைக் கண்டு தந்தை விலகினார் என்பதே உண்மைக்கு நெருக்கம். பசிபிக் தீவு நாடான சமோவாவில் ஆணாகப் பிறந்து பெண்மையோடு வாழும் 'ஃபாஃபாஃபீனே' என்ற பிரிவினர் உண்டு. ஆண்களை விரும்பும் அவர்களைச் சமூகம் பெரும்பாலும் தன் பகுதியாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆய்வாளர் பால் வேசியின் குழு அவர்களின் சிறுவயதைக் கேட்டறிந்தபோது, மேற்கில் கண்ட அதே விளையாட்டுப் பழக்கங்கள் அங்கும் இருந்தன. அந்தப் பழக்கங்களால் மனம் வெதும்பியதாக அவர்களில் பெரும்பாலோர் சொல்லவில்லை. நடத்தை ஒன்றுதான், வேதனை மட்டும் ஊருக்கு ஊர் வேறாக இருக்கிறது.

இந்த இடத்தில் ஈர்ப்பையும் பாலின அடையாளத்தையும் பிரித்துவைப்பது அவசியம். யாரை விரும்புகிறோம் என்பது ஒன்று, நம்மை ஆணாக உணர்கிறோமா பெண்ணாக உணர்கிறோமா என்பது இன்னொன்று. சிறுவயதில் மாறுபட்டு நடக்கும் பிள்ளைகளில் சிலர் திருநங்கையராகவோ திருநம்பியராகவோ வளர்வார்கள். கிரீனின் 44 பேரில் பாலின மாற்றத்தை நாடியவர் ஒருவர் மட்டுமே. ஆனால் அவர் சேர்த்த சிறுவர்களில் பலர் பெண்களைப் போல் விளையாடியவர்களே தவிர, 'நான் பெண்' என்று விடாமல் சொன்னவர்கள் அல்லர். அப்படிச் சொல்லும் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி அந்த எண்ணை வைத்து முடிவு சொல்லக் கூடாது.

இப்போது கிரீனின் ஆய்வுக்குள் இருந்த ஒரு சிறுவனிடம் வருகிறேன். மருத்துவ இலக்கியத்தில் அவன் பெயர் கிரெய்க், இட்டுக்கட்டிய பெயர்தான். கிரீனின் நூலிலும் வேறொரு புனைபெயரில் அவன் வருகிறான். ஐந்து வயது நிரம்பும் முன் அதே பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வரப்பட்டான். ஜார்ஜ் ரீக்கர்ஸ், ஐவர் லோவாஸ் என்ற இருவர் அவனை 'மாற்ற' முனைந்தார்கள். ஓர் அறையில் இரண்டு மேசைகள், ஒன்றில் பையன்களின் பொருள்கள், மற்றதில் பெண்களின் பொருள்கள். தாய் காதில் ஒரு கருவியோடு உட்கார்ந்திருப்பார். அடுத்த அறையிலிருந்து வரும் உத்தரவுப்படி, அவன் துப்பாக்கியை எடுத்தால் புன்னகைத்துப் பேச வேண்டும், பொம்மையை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வீட்டில் நீல வில்லைகளும் சிவப்பு வில்லைகளும் கொடுக்கப்பட்டன. 'ஆண்' நடத்தைக்கு நீலம், அதைக் கொடுத்துத் தின்பண்டம் வாங்கலாம். 'பெண்' நடத்தைக்குச் சிவப்பு, அது சேர்ந்தால் சலுகை பறிபோகும், தந்தையின் அடியும் விழும். 1974இல் இதை வெற்றிக் கதையாக ஆய்விதழில் எழுதினார்கள். ஆண்டுக்கணக்காக அது மேற்கோள் காட்டப்பட்டது, ரீக்கர்ஸ் பல ஆண்டுகள் இந்தச் சிறுவனைச் சான்றாகக் காட்டினார்.

அவன் மாறவில்லை. ஆண்களை விரும்புகிறவராகவே வளர்ந்தார். 2003இல், 38 வயதில், தற்கொலை செய்துகொண்டார். அவருடைய தாயும் உடன்பிறந்தவர்களும் 2011இல் தொலைக்காட்சியில் பேசினார்கள். அந்தச் சிகிச்சை அவரைச் சிறுவயதிலேயே உடைத்துவிட்டது என்றார்கள். ஒரு மனிதரின் மரணத்துக்கு இதுதான் காரணம் என்று எந்த அறிவியலாலும் நிறுவ முடியாது. ஆனால் தாயின் முகம் திரும்பிக்கொள்வதைத் தண்டனையாகப் பயன்படுத்திய ஒரு முறையை அறிவியல் என்று அழைத்ததற்காக இந்தத் துறை வெட்கப்பட வேண்டும். அந்தக் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழ் அதைக் குறித்துத் தன் கவலையை முறைப்படி பதிவு செய்தது 2020இல்தான். 46 ஆண்டுகள் ஆயின.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கிரீனின் சிறுவர்களில் சிலர் சிகிச்சை பெற்றார்கள், பலர் பெறவில்லை. வளர்ந்தபின் ஈர்ப்பில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. சிகிச்சையால் எதுவும் ஆகாது என்பதை அதே ஆய்வு சொல்லிவிட்டது.

சிகிச்சை அறைக்குப் போகாத பிள்ளைகளுக்கும் தண்டனை உண்டு, அது வீட்டிலும் வகுப்பறையிலும் நடக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆண்ட்ரியா ராபர்ட்ஸும் சக ஆய்வாளர்களும் ஏறத்தாழப் பத்தாயிரம் அமெரிக்க இளைஞர்களின் தரவுகளை ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். சிறுவயதில் பாலின வழக்கத்துக்கு மிக அதிகமாக மாறுபட்டிருந்த பத்தில் ஒரு பங்கினர் 11 வயதுக்கு முன்பே உடல்ரீதியான, மனரீதியான, பாலியல் ரீதியான கொடுமைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம் ஆளாகியிருந்தார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. அந்தப் பிள்ளைகளில் 85 சதவீதத்தினர் எதிர்பாலீர்ப்பு உடையவர்களாக வளர்ந்தவர்கள். தன்பாலீர்ப்பு மேல் உள்ள வெறுப்பில் ஓங்கப்படும் கை, எண்ணிக்கையில் அதிகமாக விழுவது தன்பாலீர்ப்பு இல்லாத பிள்ளைகள் மேல். மீதி 15 சதவீதத்தினர் மேல் விழுவது மட்டும் நியாயமா என்றால், அதுவும் இல்லை. அவர்களிடமும் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

நம் ஊரிலும் இந்தச் சிக்கல் நீதிமன்றம் வரை வந்தது. மதுரையிலிருந்து ஓடிவந்த இரு இளம்பெண்கள் தங்கள் பெற்றோரிடமிருந்தும் காவல்துறையின் விசாரணைகளிலிருந்தும் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூன் 7இல் அவர் பிறப்பித்த உத்தரவு, பால் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடை செய்தது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், இத்தகைய 'மாற்றுச் சிகிச்சை' தொழில் ஒழுங்குமீறல் என்று எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் எழுதியது.

உங்கள் வீட்டுப் பிள்ளை பாவாடை கட்டி ஆடினால் ஆடட்டும், மரமேறினால் ஏறட்டும். பள்ளியில் யாராவது கேலி செய்தால் பிள்ளையை விட்டுவிட்டுக் கேலி செய்தவரைக் கண்டியுங்கள். மாற்றித் தருகிறேன் என்று எந்த மருத்துவராவது சொன்னால் பிள்ளையை அழைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்த மருத்துவர் மேல் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.